பிங் 45தான் காட்டுகிறது, பிறகு ஏன் லேக்?

கேள்வி இதுதான்: "வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் முழுசாகக் காட்டுகிறது. கேமில் பிங் 45 முதல் 60 வரைதான். ஆனாலும் அவ்வப்போது லேக் அடிக்கிறது. சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்த பிறகும் சாகிறேன். 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகுமா?"

மாறாதீர்கள். குறைந்தபட்சம் இதைப் படித்து முடிக்கும்வரையாவது மாறாதீர்கள். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. அவ்வப்போது லேக் அடிப்பது, அதாவது ஆட்டம் திணறி நிற்பது, ஒன்று. அதற்கு மருந்து உண்டு, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே உண்டு. சுவருக்குப் பின்னால் சாவது இன்னொன்று. அது பழுதே கிடையாது, கேமை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் 'லேக்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால்தான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள்.

எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு பஸ்ஸில் எத்தனை சீட் இருக்கிறது என்பது வேறு, அது ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு. ஸ்பீட் டெஸ்டில் பெரிதாகத் தெரிவது சீட் எண்ணிக்கை. ஒரு ஷூட்டிங் கேம் விநாடிக்கு 64 முறை உங்கள் அசைவுகளை அனுப்புகிறது, ஒவ்வொரு பாக்கெட்டும் (தகவல் பொட்டலமும்) 100 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 6,400 பைட், அதாவது சுமார் 51 கிலோபிட். கேமை நடத்தும் கணினியான சர்வரிலிருந்து திரும்பி வருவது இதைவிடப் பெரிது, ஆனாலும் பெரும்பாலும் சில நூறு கிலோபிட்டில் அடங்கிவிடும். 100 எம்பிபிஎஸ் என்பது ஒரு லட்சம் கிலோபிட். பயணி ஒருவர்தான், நூறு சீட் பஸ் போதவில்லை என்று முன்னூறு சீட் பஸ் வாங்கப் போகிறீர்கள்.

பிங் என்பது போய்வரும் நேரம். இங்கிருந்து ஒரு சின்ன பாக்கெட் சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்ற கணக்கு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வகப் பொறியாளர், நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு இருக்கிறதே என்று துழாவுவதற்காக எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிகளின் சோனார் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்குமே, அந்தச் சத்தத்தையே பெயராக வைத்தார். இன்று கேமின் மூலையில் பச்சை நிறத்தில் தெரிகிற எண்ணும் அதே யோசனைதான். ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. பல கேம்கள் கடைசிச் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகின்றன. நடுவில் ஒரே ஒரு பாக்கெட் 400 மில்லிசெகண்ட் தாமதமாக வந்திருந்தாலும் சராசரியில் அது கரைந்துபோய் 52 என்று சாதுவாக நிற்கும். நீங்கள் செத்தது அந்த ஒரு பாக்கெட்டால்தான்.

பிங்குக்கு ஒரு அடித்தளம் உண்டு. அதற்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. வெற்றிடத்தில் ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்கு வேகம். ஆக, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வர 10 மில்லிசெகண்ட் கண்டிப்பாக வேண்டும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 5,570 கிலோமீட்டர். கணக்குப்படி 56 மில்லிசெகண்ட். அந்த இரு நகரங்களின் பங்குச் சந்தைகளுக்கு இடையே ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் பணம் கொட்டத் தயாராக இருந்தவர்களை மனதில் வைத்து, 2015-இல் ஹைபர்னியா எக்ஸ்பிரஸ் என்று ஒரு கடலடிக் கேபிள் போட்டார்கள். அத்தனை செலவுக்குப் பிறகும் 60-க்குச் சற்றுக் கீழேதான் இறங்க முடிந்தது. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகை சாட்டிலைட் இணையம் என்றால் பிங் 600 அளவில்தான் இருக்கும். அதில் வேகமான ஷூட்டிங் கேம் ஆடுவது நடக்காத காரியம்.

ரயட் கேம்ஸ் நிறுவனம் 2015-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமின் வட அமெரிக்க சர்வர்களை அமெரிக்காவின் மேற்கு ஓரத்து போர்ட்லேண்டிலிருந்து நடுப்பகுதிக்கு, சிகாகோவுக்கு, நகர்த்தியது. கிழக்கில் ஆடுகிறவர்களுக்குப் பிங் மடமடவென்று இறங்கியது. மேற்கில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏறியது, அவர்கள் சும்மா இருப்பார்களா, திட்டித் தீர்த்தார்கள். தூரத்தை யாராவது ஒருவர் சுமந்துதான் ஆக வேண்டும். உங்கள் பக்கம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: கேமில் சர்வர் பகுதியைத் 'தானாகத் தேர்ந்தெடு' என்று விட்டிருந்தால், அருகிலிருப்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். நண்பர்களோடு குழுவாகச் சேரும்போது சில கேம்கள் குழுத் தலைவருக்கு அருகிலிருக்கும் சர்வருக்கு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அதையும் கவனியுங்கள்.

ஆனால் உங்களுக்கு 45 என்பதே அடித்தளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை 35 ஆக்கினாலும் கையில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. உங்களைப் படுத்துவது பிங் நிலையாக இல்லாதது. இதற்கு ஜிட்டர் என்று பெயர். 45, 46, 44 என்று வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று 210, பிறகு 47. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கேமை எழுதிய நிரலாளர்கள், 28.8 கேபிபிஎஸ் மோடம் காலத்தில் செய்த சோதனைகளைப் பற்றி 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கட்டளை நிறைவேற 250 மில்லிசெகண்ட் ஆனால் ஆடுகிறவர்களுக்குத் தாமதம் தெரியவே இல்லையாம். 500 வரைகூட ஆட முடிந்ததாம். ஆனால் ஒருமுறை 80, அடுத்த முறை 500 என்று மாறி மாறி வந்தபோது சகிக்கவில்லை. அதனால் வேண்டுமென்றே தாமதத்தைச் சீராக வைத்தார்கள். அது நிதானமாக ஆடும் வியூக விளையாட்டு, ஷூட்டிங்கில் 250 என்றால் அழுதுவிடுவோம் என்பது உண்மைதான். ஆனால் சீரான தாமதத்துக்குக் கை பழகிக்கொள்ளும், துள்ளுகிற தாமதத்துக்குப் பழகாது என்பது எல்லா கேமுக்கும் பொருந்தும். பிங் 90-இல் அசையாமல் நிற்கும் இணைப்பா, 30-க்கும் 200-க்கும் ஊஞ்சலாடும் இணைப்பா என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுப்பேன்.

சரி, இந்தத் துள்ளல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான வீடுகளில் ஒரே இடத்திலிருந்துதான். வரிசை.

உங்கள் வீட்டுக்கு அப்லோட் வேகம் 2 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். மோடத்துக்குள் 256 கிலோபைட் அளவுக்கு ஒரு காத்திருப்பு இடம் இருக்கிறது. வெளியே போக வேண்டிய பாக்கெட்டுகள் அங்கே வரிசையில் நிற்கும். யாரும் எதையும் அனுப்பாதபோது அது காலி. கேம் பாக்கெட் வந்ததும் நேராக வெளியே போய்விடும். இப்போது பக்கத்து அறையில் யாரோ ஒரு போனைச் சார்ஜில் போடுகிறார்கள். அன்று எடுத்த நூறு போட்டோவையும் அது மேகக் கணக்குக்கு ஏற்ற ஆரம்பிக்கிறது. இடம் முழுக்க நிரம்பிவிடுகிறது. 256 கிலோபைட் என்றால் சுமார் 20 லட்சம் பிட். விநாடிக்கு 20 லட்சம் பிட் போகிற வழியில் அந்த வரிசை கரைய ஒரு முழு விநாடி. உங்கள் 100 பைட் கேம் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. பிங் 45-லிருந்து 1,045 ஆகிறது. போன் வேலையை முடித்ததும் எல்லாம் பழையபடி. நீங்கள் பதறிப்போய் ஸ்பீட் டெஸ்ட் போடும் நேரத்தில் வரிசை கலைந்திருக்கும், 100 எம்பிபிஎஸ் என்று அழகாகக் காட்டும்.

இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க நிரலாளர். 2010 வாக்கில் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது பிங் எகிறுவதைப் பார்த்து நூல் பிடித்துப் போனவர், சாதனம் செய்கிறவர்கள் எல்லோருமே இந்தக் காத்திருப்பு இடத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கி வைத்திருப்பதைக் கண்டார். நினைவகம் மலிவாகிவிட்டது, ஒரு பாக்கெட்டும் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணம் வேறு. அந்த நல்லெண்ணம்தான் வினை. கோப்புகளை அனுப்பும் டிசிபி முறை, பாக்கெட் தொலைந்தால்தான் 'ஓஹோ, பாதை நிரம்பிவிட்டது' என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். பெரிய வரிசை எதையும் தொலைய விடாமல் எல்லாவற்றையும் உள்ளே வாங்கிப் போட்டுக்கொண்டால் அதற்கு எப்படித் தெரியும்? நிரப்பிக்கொண்டே இருக்கும்.

மருந்தும் அப்போதே வந்துவிட்டது. 2012-இல் நெட்வொர்க் ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்ப்பார்கள். 5 மில்லிசெகண்டுக்கு மேல் தொடர்ந்து நிற்க வேண்டி வந்தால் வேண்டுமென்றே ஒன்றிரண்டைத் தூக்கிப் போடுவார்கள். அனுப்புகிறவர் உடனே அடங்குவார். இதோடு ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை கொடுக்கும் எஃப்கியூ-கோடெல், கேக் என்ற முறைகளும் வந்தன. போட்டோ ஏற்றுகிறவர் தன் வரிசையில் நிற்பார், உங்கள் கேம் பாக்கெட் தன் வரிசையில் முதல் ஆளாகப் போய்விடும்.

சில ரூட்டர்களில் இது எஸ்கியூஎம் என்ற பெயரில் இருக்கும். ஓப்பன்-டபிள்யூஆர்டி மென்பொருள் போடக்கூடிய ரூட்டர்களிலும் கிடைக்கும். ஒரு விஷயத்தில் எல்லோரும் தவறுகிறார்கள். அதில் வேகத்தை எழுதச் சொல்லிக் கேட்கும்போது பிளானில் உள்ள முழு எண்ணை எழுதிவிடுகிறார்கள். எழுதினால் பயனே இல்லை. வரிசை எப்போதும் பாதையின் மிகக் குறுகலான இடத்தில்தான் சேரும். அந்த இடம் உங்கள் ரூட்டராக இருந்தால்தான் ரூட்டரால் வரிசையை ஒழுங்குபடுத்த முடியும். ஆகவே அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 95 சதவீதம் வரை எழுதுங்கள். 100-இல் 90தான் கிடைக்கும். கொடுத்துவிடுங்கள், அந்தப் பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? உங்கள் ரூட்டரில் இந்த வசதி இல்லையென்றால் ஏழை வைத்தியம் ஒன்று உண்டு: ஆடும் நேரத்தில் போன்களின் போட்டோ பேக்கப்பையும் கணினியின் அப்டேட்டையும் நிறுத்திவைப்பது. நாடகமாகத் தெரிந்தாலும் வேலை செய்யும்.

வரிசைக்கு அடுத்தபடியாக வைஃபை. இதைப் பற்றி எனக்குச் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் என் லேப்டாப்பில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை, மணி அடித்ததுபோல், பிங் 30-லிருந்து 300-க்கு எகிறி இறங்கும். இணைய சேவைக்காரரை மூன்று முறை கூப்பிட்டேன். வந்தவர் மோடத்தையே மாற்றிவிட்டுப் போனார். மறுபடியும் அதே மணியோசை. ஒருநாள் எரிச்சலில் பழைய லேன் கேபிள் ஒன்றைத் தேடி எடுத்துச் சொருகினேன், அன்றோடு ஒழிந்தது. பிறகுதான் தெரிந்தது, லேப்டாப் நிமிடத்துக்கு ஒருமுறை 'வேறு நல்ல வைஃபை ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா' என்று மற்ற சேனல்களுக்குப் போய்த் தேடிவிட்டு வருகிறது. தேடும் அந்தக் கணத்தில் என் சேனலில் அது இல்லை. பாவம் அந்த மோடம்.

அதைத் தவிரவும் வைஃபையின் குணமே அப்படி. காற்று எல்லோருக்கும் பொது. ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காது கொடுத்துக் காத்திருந்து, சந்தடி இல்லையென்றால் பேச வேண்டும். பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனலில் இருந்தால் அதற்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். மூன்று சுவர் தள்ளி இருக்கும் ஒரு பழைய போன் மெதுவாகப் பேசினால், அது பேசி முடிக்கும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். பாக்கெட் சிதைந்தால் வைஃபை தானே திரும்ப அனுப்பும், அதனால் இழப்பு என்று எங்கும் பதிவாகாது, தாமதமாக மட்டும் வெளியே வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மைக்ரோவேவ் அடுப்புக்கும் பங்காளி. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது பாதி நிவாரணம், கேபிள் முழு நிவாரணம். கேபிளுக்கு வழியே இல்லை என்றால் ரூட்டரை ஆடும் அறைக்குக் கொண்டுவாருங்கள். போனில் ஆடுகிறவர்கள் ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருவதுதான் சிறந்தது. மொபைல் டேட்டாவில் ஆடினால் டவருக்கும் போனுக்கும் நடுவே இதே கதை, நாம் கை வைக்க முடியாத இடத்தில் நடக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கணினியில் கமாண்ட் விண்டோ இரண்டு திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிங் என்று தட்டி ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இன்னொன்றில் வெளியே இருக்கும் பொதுச் சர்வர்களின் முகவரியான 1.1.1.1 அல்லது 8.8.8.8. விண்டோஸில் நான்கு முறையோடு நின்றுவிடும்; நிற்காமல் ஓட வேண்டுமானால் கடைசியில் சிறு கோடு போட்டு ஆங்கில டி எழுத்தைச் (-t) சேர்க்க வேண்டும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, அரை மணி நேரம் கேம் ஆடுங்கள். லேக் அடித்ததும் திரும்பிப் பாருங்கள்.

ரூட்டருக்கே பிங் 1-லிருந்து 150-க்குப் போயிருந்தால் குற்றவாளி வைஃபை. அங்கே 1, 2 என்றே நின்று, வெளியே மட்டும் ஏறியிருந்தால் வரிசையாக இருக்கலாம், அல்லது சேவைக்காரரின் பாதையாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்க, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு பெரிய வீடியோவை அப்லோட் போட்டுவிட்டுப் பாருங்கள். போட்ட மறுகணம் எண் ஏறினால், வரிசைதான், வேறு சாட்சி வேண்டாம். ஒன்றுமே நடக்காத வீட்டில், கேபிளில், தினமும் இரவு ஒரே நேரத்தில் மட்டும் ஏறுகிறதா? அப்போது சேவைக்காரரைக் கூப்பிடலாம், கையில் பதிவு இருக்கிறது. இரண்டு விண்டோவிலும் ஒன்றுமே ஆகவில்லை, கேமில் மட்டும் இழுக்கிறது என்றால் கேம் சர்வரோ, அதற்குப் போகும் வழியோ காரணம். அல்லது உங்கள் கணினியே மூச்சு வாங்குகிறது. கணினி படங்களை வேகமாக வரைய முடியாமல் ஃபிரேம் விழுவதையும் பலர் லேக் என்றே சொல்கிறார்கள், அதற்கும் நெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. டிவியில் ஆடுகிறவர்கள் டிவியின் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள். படத்தை அழகாக்குகிறேன் என்று சில டிவிகள் பல பத்து மில்லிசெகண்டைத் தின்றுவிடும், பிங்கில் அது தெரியவே தெரியாது.

பாக்கெட் போகும் வழியிலுள்ள ரூட்டர்களைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நடுவில் ஏதோ ஒரு படியில் 250 என்று காட்டியதும் 'பார், இங்கேதான் கோளாறு' என்று படம் எடுத்து அனுப்பாதீர்கள். பெரிய ரூட்டர்களுக்குப் பாக்கெட்டைக் கடத்துவதுதான் முதல் வேலை. 'நீ யார்' என்று கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது கடைசி வேலை, நேரம் இருந்தால்தான் சொல்லும். நடுவில் 250 இருந்தாலும் கடைசிப் படியில் 45 வந்துவிட்டால் பாதை நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு படியில் ஏறியது, அதற்கு அடுத்த எல்லாப் படிகளிலும் கடைசிவரை ஏறியபடியே இருந்தால் மட்டும்தான் அது சேதி.

இனி சுவர் விஷயம்.

திரையில் நீங்கள் பார்க்கும் எதிரி அந்த இடத்தில் இல்லை. கொஞ்ச நேரம் முன்பு அங்கே இருந்தார், அவ்வளவுதான். அவர் திரையில் நீங்களும் அப்படியே. எல்லோரும் ஒரே மைதானத்தில், வேறு வேறு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

1996-இல் குவேக் என்ற ஷூட்டிங் கேம் வந்தபோது இதற்கு எந்தப் பூச்சும் இல்லை. பட்டனை அழுத்தினால் செய்தி சர்வருக்குப் போய், சர்வர் 'சரி, நகர்ந்தாய்' என்று சொல்லித் திரும்பிய பிறகுதான் நகர்வீர்கள். அலுவலக நெட்வொர்க்கில் ஒன்றும் தெரியவில்லை. போன் மோடத்தில் 300 மில்லிசெகண்ட் பிங்கோடு வந்தவர்களுக்குச் சேற்றில் நடப்பதுபோல் இருந்தது. அதே ஆண்டுக் கடைசியில் குவேக்கின் நிரலாளர் ஜான் கார்மாக், இணையத்தில் ஆடுவதற்கென்றே குவேக்வேர்ல்டை வெளியிட்டார். அதில் உங்கள் கணினி சர்வரின் அனுமதிக்குக் காத்திருக்காது. 'எப்படியும் சரி என்றுதான் சொல்லும்' என்று ஊகித்து உடனே நகர்த்திவிடும். சர்வர் மறுத்தால் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும்போது ரப்பர் பேண்டில் கட்டியதுபோல் பின்னால் இழுபடுவீர்களே, அது இந்த ஊகம் தப்பிப்போன கணம். பாக்கெட் தொலையும் இணைப்பில் அடிக்கடி நடக்கும்.

உங்களை ஊகித்துவிடலாம், எதிரியை எப்படி ஊகிப்பது? அவர் அடுத்து என்ன செய்வார் என்று யாருக்குத் தெரியும். அதனால் கேம் அவரை வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் பழையதாக்கிக் காட்டுகிறது. வந்த இரண்டு நிலைகளைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றுக்கு நடுவே வழுக்கலாக நகர்த்திக் காட்டும். அப்போது நீங்கள் சரியாகக் குறிபார்த்துச் சுட்டாலும் அவர் அங்கே இருக்க மாட்டாரே? அதற்குத்தான் சர்வர் காலத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறது. 'இந்த ஆள் சுட்ட கணத்தில் இவர் திரையில் எதிரி எங்கே இருந்தார்' என்று பழைய ஏட்டைப் புரட்டிப் பார்த்து, பட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும். இதற்கு லேக் காம்பென்சேஷன் என்று பெயர். வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் ஹாஃப்-லைஃப் கேமின் எஞ்சினில் இதைச் செய்த விதத்தை 2001-இல் விளக்கி எழுதினார். இன்றைய ஷூட்டிங் கேம்கள் பெரும்பாலும் இதன் ஏதோ ஒரு வடிவத்தில்தான் ஓடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பிங் 60, ஒருவழிக்கு 30. எதிரியின் பிங் 40, ஒருவழிக்கு 20. சர்வர் விநாடிக்கு 64 முறை கணக்குப் பார்க்கிறது, ஆக ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் இடையே 15.6, ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட். வழுக்கலாகக் காட்டுவதற்கு இரண்டு சுற்று இருப்பு, 31. நீங்கள் சுவருக்குப் பின்னால் போகிறீர்கள். அந்தச் சேதி சர்வருக்குப் போக 30, கணக்குக்குக் காத்திருக்க அதிகபட்சம் 16, எதிரிக்குப் போக 20, அவர் கணினி காட்ட 31. மொத்தம் 97. அதுவரை அவர் திரையில் நீங்கள் வெட்டவெளியில்தான் இருக்கிறீர்கள். கடைசி நொடியில் சுடுகிறார். குண்டுச் சேதி சர்வருக்கு 20, காத்திருப்பு 16, 'செத்தாய்' என்ற சேதி உங்களுக்கு வர 30. கூட்டினால் 163 மில்லிசெகண்ட். விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிற ஆள் அதற்குள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஓடியிருப்பார். சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உள்ளே போய்ச் சாகிறீர்கள். யார் இணைப்பிலும் பழுதில்லை, யாரும் ஏமாற்றவில்லை.

சர்வர் இந்தத் தீர்ப்பை உங்கள் பக்கம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொன்னால், அவர் திரையில் தலைக்கு நேராக வைத்துச் சுட்டது படாது. அந்த அநியாயம் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டிலும் எல்லோருக்கும் நடக்கும். சுவருக்குப் பின்னால் சாவது எப்போதாவது ஒருமுறை. நான் கேம் எழுதினாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எண்ணைக் குறைக்க வழி உண்டு, சர்வர் பக்கம். வேலரண்ட் என்ற ஷூட்டிங் கேம் விநாடிக்கு 128 முறை கணக்குப் பார்க்கிறது, 16 என்பது 8 ஆகிவிடும். 2023-இல் வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, ஒவ்வொரு அழுத்தமும் இரண்டு கணக்குகளுக்கு நடுவில் எந்தக் கணத்தில் நடந்தது என்பதையும் சேர்த்து அனுப்புகிறது. சண்டை விளையாட்டுகளில் கதை வேறு. டோனி கேனன் 2006-இல் கொண்டுவந்த ஜிஜிபிஓ முறையில் எதிராளியின் பட்டனையே ஊகித்து ஆடிக்கொண்டிருக்கும், ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னோக்கிப் போய்த் திரும்ப ஆடிக்காட்டும்.

கடைகளில் விற்கும் வைத்தியங்களையும் வேகமாகப் பார்த்துவிடலாம். டிஎன்எஸ் மாற்றினால் பிங் இறங்காது. பெயரை முகவரியாக்கும் வேலை கேம் இணைவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 'பிங் பூஸ்டர்' ஆப்களில் பலவும் உண்மையில் உங்கள் பாக்கெட்டுகளை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன்தான். உங்கள் சேவைக்காரரின் பாதை சுற்றிவளைத்துப் போகிறது என்றால் விபிஎன் நேர்வழி காட்டி 20, 30 மில்லிசெகண்டைக் குறைக்கக்கூடும். பாதை ஏற்கெனவே நேராக இருந்தால் கூடுதலாக ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வருவதுபோல்தான். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கும் நேகிள் முறையை அணைக்கச் சொல்லும் பழைய குறிப்பு டிசிபிக்கு மட்டும் பொருந்தும். வேகமான ஷூட்டிங் கேம்கள் பெரும்பாலும் யுடிபியில் ஓடுகின்றன. 1980-இல் வந்த யுடிபி விதிமுறை மொத்தமே மூன்று பக்கம். தொலைந்ததைத் திரும்பக் கேட்காது, வரிசைப்படுத்தாது. கேமுக்கு அதுதான் தேவை, ஏனென்றால் எதிரி அரை விநாடி முன்பு எங்கே இருந்தார் என்ற தொலைந்த சேதி இனி வந்தும் பயனில்லை. நேட் வகையை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ரூட்டர் உள்ளே விடும் விதத்தை) திறப்பது நண்பர்களோடு இணைய, குரல் அரட்டைக்கு உதவும், பிங்கைத் தொடாது.

ஆக, உங்கள் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவை: இன்றிரவு கேபிள் போட்டு ஆடிப் பாருங்கள். துள்ளல் நின்றால் விஷயம் முடிந்தது. நிற்காவிட்டால் அந்த இரண்டு விண்டோ, அப்லோட் சோதனை, எஸ்கியூஎம். பிளானை மாற்றுவதென்றால் டவுன்லோட் எண்ணைப் பார்க்காதீர்கள், அப்லோட் எத்தனை என்று கேளுங்கள். அப்லோட் 2-லிருந்து 20 ஆனால் அதே 256 கிலோபைட் வரிசை ஒரு விநாடிக்குப் பதில் பத்தில் ஒரு பங்கில் கரைந்துவிடும்.

சுவருக்குப் பின்னால் அந்த ஒரு மீட்டர் சாவு மட்டும் இருந்துகொண்டுதான் இருக்கும். அதை ஆட்டத்தில் சரிக்கட்டலாம். மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறவர் உங்களை உடனே பார்த்துவிடுகிறார், அவர் வந்தது உங்கள் திரைக்கு வர மேலே போட்ட அதே 97 மில்லிசெகண்ட் ஆகிறது. கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதருக்கு 200 மில்லிசெகண்ட் அளவில் தேவைப்படும் ஆட்டத்தில் அது பெரிய முன்தொகை. இருவரில் யாருடைய பிங் கூடினாலும் அந்தத் தொகையும் கூடும். அதனால் ஒரே மூலையைப் பார்த்து அசையாமல் நின்று காவல் காக்காதீர்கள். நின்றால் அவர் எதிர்பார்க்காத இடத்தில், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ஒருமுறை சுட்டதும் இடம் மாறுங்கள். முடிந்த இடங்களில் எட்டிப் பார்க்கிற ஆளாக நீங்களே இருங்கள். ஒளிய ஓடும்போது சுவர் ஓரத்தோடு நின்றுவிடாமல் இன்னும் இரண்டு அடி உள்ளே போங்கள்.